எத்தனை படி மூழ்கும் என்று சொல்லுங்கள்

காவிரிக் கரையில் வெள்ள எச்சரிக்கைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் கரையோர மக்களைக் கூப்பிட்டு நீங்கள் நடத்திய கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், அது எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை ஒலிபெருக்கியில் சேர்த்துச் சொல்லலாமே என்று ஒரு பெரியவர் கேட்டார். உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: “அதையெல்லாம் சொன்னா ஜனங்க பீதியாயிருவாங்க ஐயா. போகச் சொன்னா போகணும், அவ்வளவுதான்.” அதற்குள் டீ வந்தது. கூட்டம் கலைந்தது. வரும் ஆடிக்கும் பழைய அறிவிப்பையே வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருப்பது அப்புறம் தெரிந்தது.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். எந்த அலுவலகம், யார் சொன்னது என்று எழுதப் போவதில்லை. சொன்னவரைக் கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். வெள்ள நாட்களில் அவர் முழங்கால் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவள் நான். ஆனால் ஆபத்து வரும்போது நாங்கள் எப்படி நடந்துகொள்வோம் என்று அவர் மனதில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் தப்பு. அதை வைத்து எங்கள் உயிருக்கு முடிவு எடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் வீடு பவானியில், காவிரியும் பவானி ஆறும் சேர்கிற கூடுதுறைக்கு நடந்து போகிற தூரம். முன்பக்கம் என் ஜெராக்ஸ் கடை, பின்பக்கம் அப்பாவின் ஜமக்காளத் தறி. குழித்தறி. நடுவீட்டுச் சுவரில் மூன்று கோடுகள் இருக்கின்றன: 2005, 2018, 2022. முதல் இரண்டும் வெள்ளம் வடிந்ததும் சேற்றுத் தடம் மறைவதற்குள் அப்பா கரித்துண்டால் இழுத்தவை. மூன்றாவது நான் மார்க்கரில் போட்டது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் திறந்தார்கள். 2024-ல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியும் எங்கள் வாசல்படியை நனைத்துவிட்டுத் திரும்பிவிட்டது; அதனால் அந்த வருடத்துக்குக் கோடு கிடையாது. ஆக, எந்த அளவுக்கு எது நனையும் என்ற கணக்கு எங்கள் சுவரிலேயே இருக்கிறது. எங்களிடம் இல்லாதது, இன்றைக்கு எவ்வளவு வருகிறது என்பது மட்டும்தான்.

2022-ல் மூன்றாவது கோடு விழுந்த ராத்திரியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் இரண்டு நாளாக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் வந்து போனது. “காவிரி ஆற்றில் வெள்ளம் அதிகரித்து வருவதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” காலையில் அதே வாக்கியம், சாயங்காலமும் அதே வாக்கியம். (தண்டோரா போடுவதை அரசு நிறுத்தியதும் அந்த வருடம்தான். ஒரு மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடித்துக்கொண்டு போகச் சொல்வதை நிறுத்தியது ரொம்ப நல்லது. ஆனால் தண்டோரா போடுகிறவரை நிறுத்தி, “எப்பங்க வருது?” என்று கேட்கலாம். ஆட்டோ நிற்காது.) முதல் நாள் தண்ணீர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஆட்டோ வந்தபோது எங்கள் தெருவில் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அறிவிப்பு பொய் என்று யாரும் நினைக்கவில்லை. தினமும் ஒரே மாதிரி கேட்கிற சத்தம் காதில் நிற்காது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் என்ன நடந்தது தெரியுமா? உங்கள் கணக்கில் நாங்கள் ‘சொன்னாலும் கேட்காமல்’ உட்கார்ந்திருந்த நேரம் அது. பக்கத்து வீட்டு அக்கா நெரிஞ்சிப்பேட்டையில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டார். நான் மேட்டூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போட்டேன். “பதினாறு கண் மதகும் தொறந்துட்டாங்க அம்மிணி, இரைச்சல் காதை அடைக்குது” என்றார். எத்தனை வுட்டிருக்காங்க சித்தப்பா என்றால், “அது தெரீலியே கண்ணு.” வாட்ஸப்பில் நாலு எண்கள் சுற்றின. ஒன்று காலையில் அணைக்கு வந்த நீர், ஒன்று மத்தியானம் திறந்த நீர். எது வரத்து, எது திறப்பு என்று அனுப்பியவருக்கே தெரியாது. அதிலும் கூடுதுறைக்கு மேட்டூர் கணக்கு மட்டும் போதாது. பவானி ஆற்றின் பவானிசாகர் அணையிலும் திறந்திருந்தால் இரண்டு ஆறும் ஒரே இடத்தில் முட்டும். பவானி ஆறு முன்னால் போக வழியில்லாமல் எங்கள் பக்கம் எதிர்க்கும். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆண்கள் நாலைந்து பேர் அரை மணிக்கு ஒருமுறை படித்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். “இன்னும் மூணு படி வெளிய தெரியுது.” “ரெண்டு.” எங்கள் ஊரில் தண்ணீரை அளப்பது இப்படித்தான். ஒரு லட்சம் கன அடி என்றால் நொடிக்கு 28 லட்சம் லிட்டர் என்று நான் கடையில் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினால் அம்மா கேட்பது ஒன்றுதான்: “அது எத்தனாவது படிக்கு வரும்?”

அப்புறம், தெருமுனை மாடி வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் காரை எடுத்தால் நாமும் கிளம்பலாம் என்று. மறுநாள் பள்ளிக்கூட முகாமில் சந்தித்தபோது அவர் சொன்னார்: “நீங்க கிளம்பறீங்களான்னுதாம்மா நான் மாடில நின்னு பாத்துட்டிருந்தேன்.”

அப்பா அந்த நேரத்தில் தறிக்குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வாசலுக்கு வருவதற்கு முன்னால் குழி ஊற ஆரம்பித்துவிடும். தறியில் ஒரு கல்யாண வீட்டு ஜமக்காளம், பாதிக்கு மேல் நெய்தது. அகலத் தறியில் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவர் தள்ள ஒருவர் வாங்கி நெய்து வந்தது. போகலாம் வாங்க என்று நான் கத்தினேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன் (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்):

“ஒரு மணி நேரந்தான் இருக்குதுன்னா கத்திரியை எடுத்துப் பாவை வெட்டிப் போட்டுட்டு வந்தர்றேன். நாலு மணி நேரம் இருக்குதுன்னா மிச்சத்தை நெய்ஞ்சு, பாவைச் சுருட்டிப் பரண்ல வெச்சுட்டு வர்றேன். எத்தனைன்னு சொல்லு, என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியும்.”

என்னிடம் பதில் இல்லை. ஆட்டோவிடமும் இல்லை. இருந்தது உங்களிடம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடுதான். மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும். ஒன்றிரண்டு தறி என்றால் ஆச்சு, பத்துத் தறி என்றால் ஆள் வேண்டும். ஆடு வைத்திருப்பவர் ஆட்டை எங்கே கட்டுவது என்று யோசிப்பார். படுக்கையில் கிடக்கும் மாமியாரை வைத்திருப்பவள் முகாமில் கக்கூஸ் எப்படி இருக்கும் என்று யோசிப்பாள். தூரத்தில் இருந்து பார்த்தால் இதெல்லாம் பிடிவாதமாகத் தெரியும்.

ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. சாக்கடையில் தண்ணீர் தலைகீழாகத் திரும்பி ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: “மேட்டூர்ல மதகு ஒடஞ்சிருச்சாமா, ஓடுங்க.” யாருடைய குரல் என்று இன்றுவரை தெரியாது. நான் அவசர எண்ணுக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தவர் பாவம், நேர்மையாகவே சொன்னார்: “எங்களுக்கும் மேல இருந்து தகவல் வரலீங்க.” இல்லைங்க, உடையலை, இவ்வளவுதான் திறந்திருக்கு, இத்தனை மணிக்கு இந்த அளவுக்கு வரும் என்று சொல்ல அந்த ராத்திரியில் ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் தெரு ஓடியது. இருட்டில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டன. எதிர்வீட்டு அமுச்சி (பாட்டி) சாக்கடைப் பலகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நீங்கள் பயப்படுகிற பீதியை அந்த மூன்று நாளில் நான் பார்த்தது அந்தப் பத்து நிமிஷம்தான். அதுவும் யாரோ உண்மையைச் சொன்னதால் வரவில்லை, யாரும் எதையும் சொல்லாததால் வந்தது. அந்த வதந்தியை நம்பியதற்காக எங்களை முட்டாள்கள் என்று நினைக்க வேண்டாம். 2018-ல் இதே காவிரியில் முக்கொம்பு மேலணை மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை டிவியில் பார்த்த ஜனம் நாங்கள். நடந்த ஒன்று இன்னொரு முறையும் நடக்கலாம் என்று நினைத்தோம்.

அந்தப் பத்து நிமிஷம் முடிந்ததும் என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். விழுந்த வண்டியைத் தூக்கிய பையன்கள் அப்படியே நின்று, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டினார்கள். நூல் ஏற்றுகிற மினி டோர் ஒன்று முகாமுக்கும் தெருவுக்கும் ஐந்து நடை போனது, வாடகை கேட்கவில்லை. வாதம் வந்து படுத்திருந்த பக்கத்துச் சந்துத் தாத்தாவை எப்படித் தூக்குவது என்று திகைத்து நின்றபோது, சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் வடக்கத்திப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். எங்கள் வீட்டுப் பழைய ஜமக்காளத்தை விரித்து, அவரை அதில் கிடத்தி, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குத் தமிழ் சரியாக வராது, தாத்தாவுக்கு இந்தி சுத்தமாக வராது. “கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் மெதுவா” என்று அவர்களேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்பா கடைசியில் பாவைக் கத்திரித்துவிட்டு வந்தார். குழி நிறைந்துவிட்டது.

இது எங்கள் தெருவுக்கு மட்டும் உள்ள குணம் என்று பெருமை பேச வரவில்லை. உலகம் முழுக்க மனிதர்கள் இப்படித்தான் என்று இதையே தொழிலாகப் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் குவாரன்டெல்லி என்று ஒரு சமூகவியலாளர், 1950-களில் தொடங்கி வாழ்நாள் முழுக்கப் பேரிடர்களில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தவர். 1963-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெறிபிடித்தாற்போல் ஓடுவது மிக அபூர்வம் என்று அவர் கண்டார். தப்பிக்கும் வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது, நம் கையில் ஒன்றும் இல்லை என்று தோன்றும்போதுதான் அப்படி ஓடுகிறார்கள். எச்சரிக்கை வந்ததும் மனிதர்கள் முதலில் செய்வது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது. 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் விமானம் மோதிய பிறகும் பலர் போன் பேசி, பையை எடுத்து, கூட வேலை செய்பவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் படியிறங்கினார்கள். மாடி வீட்டுத் தலைமையாசிரியர் ஞாபகம் வருகிறதா? முதலில் வந்து காப்பாற்றுகிறவர்களும் எங்கேயும் அக்கம்பக்கத்தார்தான். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்தோம்.

நீங்கள் ஒன்று கேட்பீர்கள்: பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்களே, அவர்கள் யார்? கூடுதுறையில் குளிக்காதே என்று தடை போட்டாலும் தடுப்பைத் தாண்டி ஆடிப்பெருக்குக்கு முழுக்குப் போட வருகிறார்களே? உண்மைதான். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. போலீஸ் போட்டுத் துரத்துங்கள். ஆனால் வெள்ளம் பார்க்க வருகிறவன் ஒரு ஆள், வெள்ளத்துக்குள் வீடு வைத்திருப்பவன் வேறு ஆள். முன்னவனைப் பார்த்துப் பின்னவனுக்குச் சட்டம் எழுதாதீர்கள்.

இன்னொன்றும் எனக்குப் புரிகிறது, கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். ராத்திரி பத்து மணிக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லி, தண்ணீர் வராமல் போனால் யார் பதில் சொல்வது? எட்டு மணிக்கே வந்துவிட்டால் யார் தலை உருளும்? அதனால்தான் யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு பொது வாக்கியம்: பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். உங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் அந்தப் பயம் எனக்கும் வரும். ஆனால் கடற்கரை ஊர்களில் இதற்கு ரொம்ப நாளைக்கு முன்பே ஒரு வழி கண்டுவிட்டார்களே. துறைமுகத்தில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். மூன்றாம் எண் ஏற்றினால் மீனவர் என்ன செய்வார், பத்தாம் எண் ஏற்றினால் என்ன செய்வார் என்று அந்த ஊர்க் குழந்தைக்குத் தெரியும். புயல் திசை மாறிப் போய்விட்டால் கூண்டை இறக்குவார்கள். அதற்காக யாரும் துறைமுகத்தின் மேல் கேஸ் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆற்றங்கரைக்காரர்களுக்கு மட்டும் ஏன் ஒரே வாக்கியம்?

2023 அக்டோபரில் எல்லோர் செல்போனிலும் ஒரே நேரத்தில் சோதனை எச்சரிக்கை அலறியது ஞாபகம் இருக்கும். அம்மா பயந்து போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். சரி, அந்த வசதி இருக்கிறது. அதில் எங்கள் தெருவுக்கு என்று ஒரு வரி அனுப்ப முடியும் என்றால், அந்த வரியில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கேட்பவற்றை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

கூடுதுறைப் படிக்கட்டிலும், கரையோரத் தெருக்களின் மின்கம்பங்களிலும் அளவுக் கோடு போடுங்கள். இத்தனை கன அடி திறந்தால் இந்தக் கோடு வரை வரும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். 2005, 2018, 2022 கணக்கு உங்கள் கோப்பில் இருக்கும். இல்லையென்றால் எங்கள் வீட்டுச் சுவரை வந்து அளந்துகொள்ளலாம். பெயிண்ட் செலவைத் தெருவில் வசூல் செய்து தருகிறோம்.

அறிவிப்பை மாற்றுங்கள். மேட்டூரில் எவ்வளவு, பவானிசாகரில் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கூட்டினார்கள், கூடுதுறைக்கு ஏறக்குறைய எப்போது வரும், எந்தெந்தத் தெரு முதலில் நனையும், அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு. இவ்வளவும் அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் சொன்ன மணிக்கு வந்து “மாற்றம் இல்லை” என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், பரவாயில்லை. ஆட்டோ தெருமுனையில் இரண்டு நிமிஷம் நின்று போகட்டும். கேள்வி கேட்க ஆள் இருப்பார்கள்.

1077 என்ற மாவட்ட அவசர எண்ணைப் படித்துறையில் பெரிதாக எழுதுங்கள். வெள்ள ராத்திரிகளில் அதை எடுப்பவர் கையில் அணையின் அந்த மணி நேரக் கணக்கு இருக்க வேண்டும். வதந்தி கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பெயர் போட்டு, நேரம் போட்டு மறுப்பு வர வேண்டும்.

முகாமாகத் திறக்கும் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ ஆடு மாடு கட்ட ஓர் இடம், தறி மோட்டாரும் நூலும் வைத்துப் பூட்ட ஓர் அறை ஒதுக்குங்கள். படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள் பட்டியலை இப்போதே எடுங்கள். எங்கள் தெருப் பட்டியலை நானே எழுதி, நகல் எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன். அவர்களுக்கு வண்டி முதலில் வரட்டும்.

கூட்டத்தில் சொன்ன அந்த வரியைக் குறிப்பிலிருந்து நீக்கி, எச்சரிக்கை வாசகத்தை மாற்றுவது பற்றி இன்னொரு கூட்டம் போடுங்கள். இந்த முறை தறிக்காரர்களையும் பரிசல்காரர்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

டெல்டா பாசனத்துக்கு மேட்டூரைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்னால் இவற்றில் எது எது நடக்கும், எது நடக்காது, நடக்காது என்றால் ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கூடுதுறைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி,
பவானி.